லென்ஸ் அப்புறம் வாங்கலாம்

வாசகர் கேள்வி பதில்: போட்டோகிராபி

இந்த மாசம் வந்த கடிதங்களை எல்லாம் மேசை மேல பரப்பி வச்சு ஒரே மூச்சுல படிச்சேன். "எதை வாங்கலாம்"னு கேட்டவங்கதான் நிறைய, "எப்படி எடுக்கறது"னு கேட்டவங்க ரொம்பக் கம்மி. சரி, வாங்கற கேள்விகளையே எடுத்துக்கறேன், பதில் மட்டும் கடைப் பக்கம் போகாது.

கேள்வி: என்கிட்ட 18-55 மிமீ கிட் லென்ஸோட (கேமராவோட கூடவே வர்ற லென்ஸ்) ஒரு சாதாரண கேமரா இருக்கு, ரெண்டு வருஷம் ஆச்சு. எவ்வளவு எடுத்தாலும் படம் தட்டையா இருக்கு. என் ஃப்ரெண்டு ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா வாங்கினதுல இருந்து அவன் படமெல்லாம் வேற மாதிரி வருது. ஒன்றரை லட்சத்துக்கு இஎம்ஐல போயிடலாமானு யோசிக்கிறேன். பாட்டியை எடுத்த ரெண்டு படம் அனுப்பியிருக்கேன், பார்த்துட்டு சொல்லுங்க.
(கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

பதில்: தம்பி, ரெண்டு படத்தையும் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். தண்டட்டி போட்டு தோள் வரைக்கும் இறங்கின காது, வெத்தலைச் சிவப்பு, கன்னத்துச் சுருக்கம்னு அந்த முகத்துல இல்லாதது எதுவுமே இல்ல. ஆனா நீங்க எடுத்த நேரம் பகல் பன்னெண்டு, ஒரு மணி இருக்கும், திண்ணைக்கு வெளியில உக்கார வச்சிருக்கீங்க, வெயில் நேரா உச்சந்தலையில விழுது. அதனால நெத்தியும் மூக்கும் வெளுத்துப் போச்சு, ரெண்டு கண்ணும் குழிக்குள்ள கறுப்பா மறைஞ்சு போச்சு. ஒன்றரை லட்ச ரூபா கேமராவைக் கொண்டு வந்து அதே இடத்துல அதே நேரத்துல எடுத்தாலும் அந்தக் கண்ணு கறுப்பாத்தான் விழும்.

நாளைக்குக் காலையில இதைப் பண்ணுங்க. பாட்டியை வீட்டுக்குள்ள, வாசக்கதவுல இருந்து ரெண்டு மூணு அடி உள்ள தள்ளி ஒரு ஸ்டூல்ல உக்கார வைங்க, நேர் வெயில் மேல படக்கூடாது, வெளியில இருந்து வர்ற வெளிச்சம் மட்டும் ஒரு கன்னத்துப் பக்கமா விழணும். வீட்டுக்குள்ள டியூப்லைட் எரிஞ்சா அணைச்சிடுங்க, இல்லைன்னா ஒரு பக்கம் நீலமும் ஒரு பக்கம் பச்சையுமா கலர் குழம்பிடும். இப்ப பாருங்க, வெளிச்சம் வர்ற பக்கம் முகம் தெளிவா இருக்கும், மறுபக்கம் மெதுவா இருட்டுக்குள்ள போகும், சுருக்கம் ஒவ்வொண்ணும் எழும்பி நிக்கும். இருட்டு ரொம்ப அதிகம்னு தோணிச்சுன்னா அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை யாரையாவது பிடிச்சுக்கச் சொல்லுங்க, தெர்மாகோல் இல்லையா, வெளுத்த வேட்டியை ரெண்டா மடிச்சு நாற்காலி மேல போட்டா போதும், அதுல பட்டுத் திரும்பற வெளிச்சமே நிழலை இளக்கிடும்.

இன்னொண்ணு, கதவுக்கு எவ்வளவு பக்கத்துல உக்காருறாங்கங்கறது ரொம்ப முக்கியம். வெளிச்சம் வர்ற இடத்துல இருந்து தள்ளிப் போகப் போக அதோட பலம் வேகமா குறையும், ஒரு பல்பு மாதிரி சின்ன விளக்குன்னா தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிடும், வாசக்கதவு பெருசுங்கறதால அவ்வளவு கறாரா குறையாது, ஆனா போக்கு அதேதான். அதனால பாட்டி கதவுப் பக்கத்துல இருந்தா பின்னாடி இருக்கற சுவர் தானா இருட்டாயிடும், முகம் மட்டும் தனியா நிக்கும். அவங்களையே ஏழெட்டு அடி உள்ள தள்ளி உக்கார வச்சா முகமும் சுவரும் ஒரே மாதிரி மங்கலா இருக்கும். உங்க ஃப்ரெண்டோட படத்துல "வேற மாதிரி" இருக்கறது என்னன்னு உத்துப் பாருங்க, இப்படி ஏதாவது ஒரு வெளிச்சமாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.

செட்டிங் ரொம்ப யோசிக்காதீங்க. லென்ஸை 55 பக்கம் ஜூம் பண்ணி, எஃப் 5.6 (லென்ஸோட திறப்பு) வச்சு, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணர்ற அளவு) 800ல ஆரம்பிங்க, ஷட்டர் (படம் பதியற நேரம், செகண்டுல) 1/100க்குக் கீழ போச்சுன்னா ஐஎஸ்ஓவை ஏத்துங்க. ஃபோகஸ் பாயிண்ட்டை கேமரா கையில விடாம நீங்களே ஒண்ணு தேர்ந்தெடுத்து கேமராவுக்குப் பக்கத்துல இருக்கற கண்ணு மேல வைங்க. அப்புறம் பாட்டிகிட்ட ஏதாவது பழைய கதை கேளுங்க, பேசும்போது தலையைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்புவாங்க, கண்ணுக்குள்ள ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி விழற நேரம் வரும், கதவோட பிம்பம் அது. அந்தப் புள்ளி விழறப்ப எடுங்க.

அது கைக்கு வந்ததும், ஜூம் வளையத்தை 35ல வச்சு ஒரு செலோ டேப்பை ஒட்டிடுங்க, ஒரு மாசத்துக்குப் பிரிக்கக் கூடாது. உங்க கேமராவோட சின்ன சென்சார்ல 35 மிமீங்கறது ஃபுல் ஃப்ரேம்ல சுமார் 50 மிமீ பார்வை. பிரெஞ்சு போட்டோகிராஃபர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் வாழ்நாள்ல பெரும்பாலும் அந்த 50 மிமீ ஒண்ணை வச்சுத்தான் எடுத்தார். 1950 ஏப்ரல்ல ரமண மகரிஷியோட கடைசி நாட்கள்ல பிரெசோன் திருவண்ணாமலையிலதான் இருந்தார், தெரியுமா? அவர் கையில இருந்ததும் ஒரு சின்ன லைக்கா கேமரா. ஜூம் இல்லைன்னா காலுதான் ஜூம், முன்னாடி போகணும், பின்னாடி வரணும், குனியணும், பத்து நாள்லயே கேமராவைக் கண்ணுல வைக்கறதுக்கு முன்னாடியே ஃப்ரேமுக்குள்ள எது வரும் எது வராதுன்னு தெரிய ஆரம்பிச்சிடும்.

இவ்வளவு தூரம் ஏன் சொல்றேன்னா, நானும் 2009ல சீட்டு எடுத்த காசு மொத்தத்தையும் போட்டு ஒரு பெரிய ஜூம் லென்ஸ் வாங்கினேன். மூணு மாசம் எடுத்த படங்களை எங்க ஊர்ல இருந்த ஒரு வயசான ஸ்டுடியோக்காரர்கிட்ட கொண்டு போய் காமிச்சேன், அவர் லென்ஸைப் பத்திக் கேக்கவே இல்ல, ஒவ்வொரு படத்தையும் கையில எடுத்து "இதுல வெளிச்சம் எங்க இருந்து வருது?"ன்னு மட்டும் கேட்டார். ஒண்ணுக்குக் கூட என்னால பதில் சொல்ல முடியல. எடுத்தவன் நான், ஆனா எடுக்கும்போது அதைப் பார்க்கவே இல்ல. அன்னைக்கு அழுகையே வந்துடுச்சு. இஎம்ஐ இப்ப வேண்டாம் தம்பி, பாட்டி படத்தை மறுபடி எடுத்து அனுப்புங்க, காத்துக்கிட்டு இருக்கேன்.

கேள்வி: கல்யாண போட்டோகிராஃபர்கிட்ட அசிஸ்டெண்டா இருக்கேன். மண்டபத்துல எடுத்தா படத்துல வரி வரியா இருட்டுக் கோடு விழுது, வெள்ளை வேட்டி சாம்பல் கலர்ல வருது, நாய்ஸ் (படத்துல புள்ளிப் புள்ளியா) வேற. கேமரா பழசு, அதான் இப்படி, புது பாடி வாங்குனு எல்லாரும் சொல்றாங்க. எது நல்ல பாடி?
(ஈரோடு)

பதில்: மூணு பிரச்சனையை ஒண்ணா முடிச்சுப் போட்டிருக்கீங்க, மூணும் வேற வேற.

முதல்ல அந்தக் கோடு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுல ஓடற டியூப்லைட்டு, மலிவான எல்இடி எல்லாம் செகண்டுக்கு 100 தடவை கூடிக் குறையும், நம்ம கண்ணுக்குத் தெரியாது ஆனா கேமராவுக்குத் தெரியும். நீங்க 1/250, 1/320னு ஷட்டர் வச்சா ஒரு துடிப்போட பாதியிலயே படம் முடிஞ்சு போகும், அதான் கோடு. ஷட்டரை 1/100ல வைங்க, இல்ல 1/50ல, துடிப்பு முழுசா உள்ள வந்துடும், கோடு போயிடும். சத்தம் வராத சைலண்ட் ஷட்டர் போட்டிருந்தா அதையும் நிறுத்துங்க, அதுல கோடு இன்னும் மோசமா வரும். மேடைக்குப் பின்னாடி வைக்கற பெரிய எல்இடி திரைக்கு மட்டும் இந்தக் கணக்கு சரியா வராது, அதுக்கு ஷட்டரை ஒவ்வொரு படியா மாத்தி மாத்தி எது சுத்தமா வருதுன்னு முகூர்த்தத்துக்கு முன்னாடியே பார்த்து வச்சுக்குங்க.

வேட்டி சாம்பலா வர்றதுக்குக் காரணம் கேமராவோட மீட்டர். எதைக் காமிச்சாலும் அது ஒரு நடுத்தர சாம்பல்தான்னு நினைச்சுக்கிட்டு வெளிச்சத்தை அளக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில வரிசையா நின்னா "அடேயப்பா ரொம்ப வெளிச்சம்"னு பயந்து படத்தை இருட்டாக்கிடும். அங்க எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தோட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கற செட்டிங்) +1 பக்கம் தள்ளணும். அதே மாதிரி கறுப்புக் கோட்டு போட்ட ரிசப்ஷன்லயும் எண்ணெய் ஏறின கருங்கல் சிலையிலயும் அது படத்தைத் தேவையில்லாம வெளுப்பாக்கும், அங்க -1. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா உங்க படத்துல பாதி சரியாயிடும்.

நாய்ஸுக்கு பயந்து ஐஎஸ்ஓ 800லயே நின்னு, இருட்டா எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டர்ல தூக்கறீங்களா? நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. ஜேபெக்ல எடுத்து அப்படித் தூக்கினா, 3200ல சரியான வெளிச்சத்தோட எடுத்ததை விட அசிங்கமா வரும். தைரியமா ஏத்துங்க, ரா ஃபைலும் (கேமரா திருத்தாத மூலப் படம்) சேர்த்து எடுங்க.

ஃப்ளாஷை நேரா முகத்துல அடிக்காதீங்க, தலையை மேல திருப்பி வெள்ளை சீலிங்ல அடிங்க, சீலிங் ரொம்ப உயரமா இருந்தாலோ கலர் அடிச்சிருந்தாலோ பக்கத்துல இருக்கற வெள்ளைச் சுவர்ல அடிங்க. ரோஸ் கலர் சுவர்ல அடிச்சா பொண்ணு முகமும் ரோஸ்தான்.

காசு செலவு பண்ணியே ஆகணும்னா பாடி வேண்டாம், 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் ஒண்ணு, அதுவும் செகண்ட் ஹேண்ட். 18-55 மாதிரி கிட் லென்ஸ்னா அந்த நீளத்துல எஃப் 5.6தான் திறக்கும், அதோட பார்த்தா 1.8 கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ள விடும். இது நான் மனசாரச் சொல்ற ஒரே செலவு. ஆனா அதை விட முக்கியம் ஒண்ணு இருக்கு, ஐயருக்குப் பக்கத்துல போய் அஞ்சு நிமிஷம் நின்னு அந்த வீட்டு முறையில எது முன்னாடி எது பின்னாடின்னு கேட்டு வச்சுக்குங்க. கெட்டி மேளம்னு குரல் வர்றதுக்கு முன்னாடியே நீங்க சரியான பக்கத்துல முட்டி போட்டு உக்காந்திருக்கணும். தாலி கட்டற கையை எடுக்கறப்ப அந்தப் பொண்ணோட அம்மா முகம் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரிஞ்சு வச்சிருக்கறவர்தான் நல்ல கல்யாண போட்டோகிராஃபர், நான் பார்த்த வரைக்கும்.

கேள்வி: என்கிட்ட மொபைல் மட்டும்தான். தினமும் காலையில நான் போடற கோலத்தை எடுப்பேன், வீட்டுல "அதெல்லாம் போட்டோகிராபியா, வேணும்னா ஒரு கேமரா வாங்கித் தர்றேன்"னு கிண்டலா சொல்றாங்க. கேமரா வாங்கினாதான் நல்லா வருமா?
(இல்லத்தரசி, நாகர்கோவில்)

பதில்: அக்கா, கோலம் எடுக்கறது சாதாரண வேலை இல்ல, வெள்ளைக் கோடு, ஈரத் தரை, ரெண்டையும் ஒரே படத்துல காப்பாத்தணும். மொபைலே போதும்.

முதல்ல புடவைத் தலைப்பால லென்ஸைத் துடைச்சிடுங்க, பை, கை எல்லாம் பட்டு ஒரு எண்ணெய்ப் படலம் இருந்துக்கிட்டே இருக்கும், விளக்கு வெளிச்சம் கோடு கோடா இழுக்கறதுக்குப் பல நேரம் அதுதான் காரணம். அப்புறம் திரையில கோலத்தோட வெள்ளைக் கோட்டு மேலயே விரலை வச்சு அழுத்திப் பிடிங்க, ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கும், பக்கத்துல ஒரு சூரியன் படம் வரும், அதைக் கொஞ்சம் கீழ இழுத்தா வெள்ளை வெளுத்துப் போகாம மாவோட பொடிப்பொடியான தன்மை தெரியும். நிறைய மொபைல்ல இது இருக்கு.

நேரம் ரொம்ப முக்கியம்கா. சூரியன் அப்பதான் எழும்பி வெளிச்சம் தரையோட தரையா சாய்ஞ்சு வருதுல்ல, அப்ப ஒவ்வொரு மாவு இழைக்கும் ஒரு குட்டி நிழல் விழும், சாணம் தெளிச்ச தரையோட சொரசொரப்பு கூடத் தெரியும். ஒன்பது மணிக்கு மேல எடுத்தா அது வெறும் வெள்ளை கோடு. முழுக் கோலமும் வேணும்னா மாடிப்படியில இருந்து நேர் கீழ பார்த்து எடுங்க, மொபைலைச் சாய்க்காம தரைக்கு இணையா பிடிச்சாதான் வட்டம் வட்டமா வரும், செட்டிங்ல கிரிட் கோடு இருக்கும், போட்டுக்குங்க. இன்னொரு நாள் எதிர்ப்பக்கம், தரையிலேயே மொபைலைத் தலைகீழா வச்சு, லென்ஸ் கீழ வர்ற மாதிரி, பக்கத்துல இருந்து எடுத்துப் பாருங்க, சிக்குக் கோலம்னா ஒவ்வொரு வளைவும் ஒரு தெரு மாதிரி உள்ள போகும்.

ரெண்டு விரலால ஜூம் பண்ணாதீங்க, பல மொபைல்ல அது படத்தை வெட்டிப் பெருசாக்கறது மட்டும்தான், நாலு அடி முன்னாடி நடந்தா போதும். முகம் எடுக்கறப்ப மட்டும் நேர்மாறா, ரொம்பப் பக்கத்துல போனா மூக்கு பெருசாத் தெரியும், அஞ்சாறு அடி தள்ளி நின்னு 2 எக்ஸ் லென்ஸ் இருந்தா அதுல எடுங்க. திருத்தறதுக்கு ஸ்னாப்சீட் ஆப் இலவசம்தான். மார்கழி முப்பது நாளும் ஒரே இடத்துல நின்னு ஒரே கோணத்துல எடுத்து வச்சீங்கன்னா, அந்த முப்பது படத்தை வீட்டுல காமிங்க, அப்ப என்ன சொல்றாங்கன்னு எனக்கு எழுதுங்க.

கேள்வி: வேடந்தாங்கல் பக்கத்துலதான் வீடு. 55-250 லென்ஸ் வச்சிருக்கேன், பறவை எல்லாம் புள்ளியா வருது. 150-600 வாங்கினா தீர்ந்துடுமா?
(செங்கல்பட்டு மாவட்டம்)

பதில்: பறவை பெருசா வரும், உண்மைதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். நீளமான லென்ஸ் பறவை எடுக்கறவங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படற சாமான். ஆனா வீட்டுக்குப் பக்கத்துலயே சரணாலயம் இருக்கற யோகம் யாருக்குக் கிடைக்கும்? முதல்ல ஒரு சீசன் முழுக்க, நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும், இந்த 250ஐ வச்சு பறவைகளைப் படிங்க.

பறவை காத்தை எதிர்த்துத்தான் கிளம்பும், காத்தை எதிர்த்துத்தான் இறங்கும். அதனால உங்க முதுகுல காத்து படற மாதிரி நின்னா பறவை உங்களைப் பார்த்து வரும், முகத்துல காத்து பட்டா வாலைத்தான் எடுப்பீங்க. அந்த மாசங்கள்ல பொதுவா வாடைக்காத்து, வடகிழக்குல இருந்து வரும், காலைச் சூரியனும் கிழக்குப் பக்கம், ரெண்டும் ஏறக்குறைய உங்க முதுகுப் பக்கம் அமையற இடத்தைக் கண்டுபிடிச்சிட்டீங்கன்னா கூழைக்கடா சிறகை விரிச்சுக்கிட்டு முகத்துல வெயிலோட உங்க நேரா இறங்கும். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு கைக்குட்டையைத் தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, அன்னைக்குக் காத்து எப்படின்னு தெரிஞ்சிடும்.

அப்புறம், பறவையை ஃப்ரேம் முழுக்க நிரப்பணும்னு யார் சொன்னது? சாயங்காலம் இரை தேடப் போனதெல்லாம் கூட்டம் கூட்டமா திரும்பி வரும்போது, நீர்க்கடம்பு மரம், தண்ணியில அதோட நிழல், மேல வரிசையா நத்தைகுத்தி நாரைங்க, இதுக்கு 600 ஆகவே ஆகாது, 55 பக்கம்தான் வேணும். பறக்கறதை எடுக்க ஷட்டர் 1/1000க்கு மேல, நாரை மாதிரி நிதானமா சிறகடிக்கறதுக்கு அது போதும், சின்னப் பறவைன்னா 1/2000. ஃபோகஸைத் தொடர் மோட்ல வச்சுக்குங்க. கூட்டுக்குப் பக்கத்துல போகாதீங்க, பறக்க வைக்கறதுக்காகக் கை தட்டாதீங்க, இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். வெயில்ல தாய்ப்பறவை எழும்பிப் போனா குஞ்சு செத்துடும்.

கேள்வி: தஞ்சாவூர் பெரிய கோயில் முழுசா என் லென்ஸுக்குள்ள அடங்க மாட்டேங்குது. வைடு ஆங்கிள் லென்ஸ் எது நல்லது?
(கும்பகோணம்)

பதில்: 216 அடி விமானம், அது எந்த லென்ஸுக்கும் சுலபமா அடங்கறது இல்ல. வைடு லென்ஸ் வச்சு பக்கத்துல நின்னு அண்ணாந்து எடுத்தா கோயில் பின்னாடி சாயற மாதிரி இருக்கும், உச்சி சின்னதாயிடும், அந்த கம்பீரம் போயிடும். எனக்கு அந்த மாதிரி படங்கள் பிடிக்கறதே இல்ல.

1858ல லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு ராணுவ கேப்டன், மதராஸ் அரசாங்கத்துக்காகப் படம் எடுத்தவர், இதே கோயிலுக்கு வந்தார். மெழுகு தடவின பேப்பர்தான் அவருக்கு நெகட்டிவ். கோயில் அடித்தளத்துல சுத்தி ஓடற கல்வெட்டைப் பூராவும் பதியணும், எந்த லென்ஸ்லயும் அது அடங்காது. அவர் என்ன பண்ணார்னா, பகுதி பகுதியா எடுத்து 21 பிரிண்டை ஒண்ணோட ஒண்ணு சேர்த்து ஒட்டினார், மொத்தம் 19 அடி நீளம். அந்தப் படம் இன்னைக்கும் இருக்கு. நெனச்சாலே எனக்கு உடம்பு சிலிர்க்குது.

அதே வழிதான் உங்களுக்கும். கேமராவை நெட்டுவாக்குல பிடிங்க, லென்ஸ் 24ல இருந்து 35க்குள்ள இருக்கட்டும். எம் மோட்ல (எல்லாத்தையும் நாமளே வைக்கற மோட்) வெளிச்சத்தைப் பூட்டுங்க, ஒயிட் பேலன்ஸையும் (கலர் செட்டிங்) ஃபோகஸையும் ஒரே இடத்துல நிறுத்துங்க, இல்லைன்னா ஒட்டற இடம் திட்டுத் திட்டா தெரியும். இடது பக்கம் ஆரம்பிச்சு ஒவ்வொரு படமும் முந்தினதோட மூணுல ஒரு பங்கு மேல விழற மாதிரி எடுத்துக்கிட்டே வாங்க. ஒட்டறதுக்கு ஹுகின்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. எவ்வளவு தூரம் பின்னாடி போக முடியுமோ போயிடுங்க, அண்ணாந்து பார்க்கறது குறையக் குறைய சாய்வும் குறையும். அதோட, சாயங்கால வெளிச்சம் மேற்குல இருந்து அந்தக் கல்லு மேல விழறப்ப பொன் நிறமா ஆகும் பாருங்க, அதுக்காக ரெண்டு மணி நேரம் உக்காந்து காத்திருக்கலாம், கும்பகோணம்தானே, பக்கம்தான்.

கேள்வி: தும்பி, எறும்பு எல்லாம் பெருசா எடுக்க ஆசை. மேக்ரோ லென்ஸ் விலை கேட்டாலே தலை சுத்துது.
(பொள்ளாச்சி)

பதில்: கிட் லென்ஸைக் கழட்டித் தலைகீழா திருப்பி கேமரா வாய்ல பிடிச்சுப் பாருங்க, அதுவே மேக்ரோ. அப்படி மாட்டறதுக்கு ரிவர்ஸ் ரிங்னு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், உங்க லென்ஸ் முன்னாடி எழுதியிருக்கற ஃபில்டர் அளவு 52, 55, 58னு எதுவோ அதைப் பார்த்து வாங்குங்க. 18 பக்கம் வச்சா ரொம்பப் பெருசாத் தெரியும், 55 பக்கம் கம்மியா, அதனால 55ல ஆரம்பிங்க. ஃபோகஸ் வளையத்தை மறந்துடுங்க, உடம்பை முன்னாடி பின்னாடி அசைச்சுத்தான் ஃபோகஸ். தெளிவா விழற இடம் மயிரிழை அளவுதான் இருக்கும், அதனால தும்பியோட இறக்கைக்கு இணையா கேமராவைப் பிடிக்கணும், சாய்ச்சா ஒரு ஓரம் மட்டும்தான் தெளிவா வரும். விடியற்காலை பனியில போங்க, குளிர்ல பூச்சிங்க சட்டுனு பறக்காது. தென்னந்தோப்புல வேலை பார்க்கறேன்னு எழுதியிருக்கீங்க, அந்த நேரத்துல அங்க இருக்கற ஆள் நீங்கதானே. தூசி உள்ள போகாம மட்டும் பார்த்துக்குங்க, லென்ஸைக் கழட்டறப்ப கேமரா வாயைக் கீழ பார்த்து வைங்க.

கேள்வி: எல்லாம் எடுத்துப் பார்த்தாச்சு, போரடிக்குது. புதுசா என்ன கத்துக்கலாம்?
(சென்னை)

பதில்: இன்னைக்கு சாயங்காலமே உங்க தெரு முனையில நின்னு ஓடற ஆட்டோவை எடுங்க, ஆட்டோ தெளிவா, பின்னாடி கடையெல்லாம் கோடு கோடா ஓடற மாதிரி. ஷட்டர் 1/30. கால் ரெண்டையும் ஊன்றிக்கிட்டு இடுப்பை மட்டும் திருப்பணும், ஆட்டோ தூரத்துல வரும்போதே பிடிச்சு அதே வேகத்துல கேமராவும் கூடவே வரணும், நேர் எதிர வரும்போது அமுக்கிட்டு, அமுக்கின பிறகும் நிறுத்தாம திரும்பிக்கிட்டே இருக்கணும், நிறைய பேர் அமுக்கினதும் நின்னுடுவாங்க, அங்கதான் ஆடிப் போகும். உச்சி வெயில்ல முயற்சி பண்ணாதீங்க, ஐஎஸ்ஓ 100, எஃப் 22 வச்சாலும் 1/30ல வெளுத்துடும். ஐம்பது எடுத்தா ரெண்டு தேறும், அது போதும். ஆட்டோ கைவந்ததும் சைக்கிளுக்கு வாங்க, 1/15, இன்னும் கஷ்டம். போரடிக்காது.

கேள்வி: அப்ப எப்பதான் சார் வாங்கறது? வாங்கவே கூடாதா? ஏற்கனவே என்கிட்ட நாலு லென்ஸ் இருக்கு, ரெண்டுல உள்ள வெள்ளையா நூல் மாதிரி என்னவோ படர்ந்திருக்கு.
(அரசு ஊழியர், கடலூர்)

பதில்: தாராளமா வாங்கலாம் சார். எனக்கு ஒரு பழக்கம் உண்டு, ஒரு நோட்டுல எழுதி வைப்பேன். ஒரு படம் கிடைக்காம போனா ஏன் போச்சுன்னு அன்னைக்கு ராத்திரியே ஒரு வரி. "வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் நின்னேன்", "லேட்டா போனேன்", "பேசத் தயங்கினேன்", இப்படி. எப்பவாவதுதான் "இந்த லென்ஸ் இதுக்கு மேல திறக்காது"ன்னு வரும். ஒரே சாமானோட பேரு அதுல அஞ்சாறு தடவை வந்தா அப்ப போய் வாங்குவேன், வாடகைக்கு ஒரு நாள் எடுத்து அதே இடத்துல அதே மாதிரி எடுத்துப் பார்த்துட்டுத்தான் வாங்குவேன்.

உங்க லென்ஸுக்குள்ள படர்ந்திருக்கறது பூஞ்சை சார். கடலோர ஊர், காத்துல ஈரம், பையில மூடி அலமாரியில வச்சிருப்பீங்க, எடுக்காத லென்ஸ்லதான் அது வரும். அந்த ரெண்டையும் நல்ல ரிப்பேர்காரர்கிட்ட குடுத்து சுத்தம் பண்ணுங்க, கண்ணாடி அரிச்சுப் போறதுக்கு முன்னாடி. அது வரைக்கும் மத்த லென்ஸோட சேர்த்து ஒரே பையில வைக்காதீங்க. பாத்திரக் கடையில ரப்பர் வளையம் வச்சு காத்துப் புகாம மூடற பிளாஸ்டிக் டப்பா கிடைக்கும், அதுல சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலஞ்சு போட்டு லென்ஸை வைங்க. நீல நிற ஜெல் ஈரத்தை இழுத்து ரோஸா மாறிடும், சூடு பண்ணினா மறுபடி நீலமாகும். ஈரப்பதம் காட்டற குட்டி மீட்டர் ஒண்ணு உள்ள போட்டு 40, 50 சதவீதத்துக்குள்ள இருக்கான்னு பார்த்துக்குங்க. தோல் உறை இருந்தா அதோட சேர்த்து உள்ள வைக்காதீங்க, அது ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். வாரத்துக்கு ஒரு லென்ஸ்னு முறை வச்சு வெளிய எடுத்துட்டுப் போங்க, நாலு வாரம் நாலு லென்ஸ், சில்வர் பீச்ல விடியற்காலை வலை இழுக்கறப்ப போய் நில்லுங்க, வந்ததும் உப்புக்காத்து பட்ட இடத்தை லேசா ஈரமான துணியால துடைச்சு, காய வச்சு, அப்புறம் டப்பாவுல வைங்க.